எமன் பேசாத ஒன்றரைப் பக்கம்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கப் போவதில்லை. உங்கள் சர்க்கரை, உங்கள் முழங்கால், போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தது எல்லாம் தங்கச்சி மூலமாக அன்றன்றைக்கே எனக்கு வந்துவிடுகிறது. ஐம்பது வருடமாக நம் இருவருக்கும் நடுவில் அவள்தான் தபால் பெட்டி. போன வாரம் போனில், "அண்ணே, எனக்கும் எழுபத்தஞ்சு ஆகுது. அவர் சொன்னதை உங்ககிட்டயும், நீங்க சொன்னதை அவர்கிட்டயும் சொல்லிச் சொல்லி என் வாய் தேஞ்சு போச்சு. இனிமே நீங்களாச்சு, உங்க மாப்பிள்ளையாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாம் நேராகப் போனில் பேசலாம் என்றால் என் காதுக் கருவி விசிலடிக்கும், நீங்கள் கத்துவீர்கள், இரண்டாவது நிமிடம் சண்டை வரும். ஆகவே கடிதம்.

நம் படத்தைப் புதுப்பிக்கிறார்கள். நீங்கள் எமனாக நடித்து நான் வசனம் எழுதிய படம். அதற்காக ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். பழைய படச்சுருள்களைக் கழுவி, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்து, கோடு கீறல் எடுக்கிற வேலை. பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை, உங்களிடம் பேசிய பிறகு அது எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். பதினான்கு ரீல் நன்றாக இருக்கிறதாம். இந்திர சபையில் அட்டைத் தூண் ஆடுவதுகூடத் துல்லியமாகத் தெரிகிறதாம். கடைசி ரீலில் மட்டும் படம் இருக்கிறது, சத்தம் இல்லை. ஒலிச்சுருளில் பூஞ்சை பிடித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

கடைசி ரீல் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு தாயின் உயிரை எடுக்க எமன் வருகிறான். "கொஞ்சம் இருப்பா, இந்தக் குடத்தை நெரப்பிட்டு வந்துடறேன்" என்று அவள் அவனையே வேலை வாங்குகிறாள். எமன் தண்ணீர் சேந்துகிறான், கூரை வேய்கிறான், வந்த காரியத்தை மறந்துபோகிறான். பூமியில் ஒருவரும் சாகாமல் தேவலோகமே தலைகீழாகிறது. நாரதர் வந்து அவனுக்கு ஞாபகப்படுத்துகிறார். கடைசியில் அவன் எருமையை வெளியே நிறுத்திவிட்டு அவள் வாசலில் வந்து நிற்கிறான். அங்கே அவன் பேசுவதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் பேசியது இரண்டு வார்த்தை.

"வாம்மா, போலாம்."

எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல் பேசினீர்கள். இப்போது அந்தச் சத்தம் அழிந்துவிட்டது. தெய்வம் என்று ஒன்று இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் நம்பிக்கை வருகிறது. மே ஐந்தாம் தேதி ரெக்கார்டிங் தியேட்டர் போட்டிருக்கிறார்கள். உங்கள் குரல்தான் வேண்டும் என்கிறாள் அந்தப் பெண். கடைசி வசனம் எது, எழுதியது யார் என்று நாம் இருவரும் ஒரே ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒத்துப்போகாவிட்டால் அந்த ரீலைச் சத்தமில்லாமலே விட்டுவிடுவார்களாம்.

ஒன்றரைப் பக்கத்தையும் நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறையாவது பேசுங்கள்.

உங்கள் மனைவியின் அண்ணன்


மார்ச் 11

மச்சானுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததுமே உங்கள் தங்கை, "அண்ணன் கையெழுத்து இன்னும் அச்சடிச்ச மாதிரி இருக்கு பாருங்க" என்றாள். பிரித்துப் படித்த பிறகு, "திட்டுகூட அச்சடிச்ச மாதிரிதான் இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாளாக வீட்டில் எனக்குக் காபி சர்க்கரை இல்லாமல் வருகிறது. அது டாக்டர் சொன்னதாலா, நீங்கள் சொன்னதாலா என்று தெரியவில்லை.

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றவளிடம் நான் கதவைத் திறந்து சும்மா ஒரு பேச்சுக்கு, "வாம்மா" என்றேன். அப்படியே கண் கலங்கிவிட்டாள். அவளுடைய அப்பா அந்தப் படத்தைப் பன்னிரண்டு தடவை பார்த்தவராம். நான் "தண்ணி குடிக்கிறியா" என்றுதான் கேட்க வந்தேன். இது என் தப்பா மச்சான்?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எண்பது வயது. மேல் வரிசைப் பல் முழுக்கச் செட்டு. உங்கள் வசனத்தின் முதல் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். "அண்டமும் அடங்கும் அந்திப் பொழுதில், ஆணையை ஏந்தி அல்ல, அன்பை ஏந்தி வந்திருக்கிறேன் தாயே." கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். 'அந்தி' வரும்போது செட்டு கழன்று வாஷ்பேசினில் விழுந்தது. எமன் வாசலில் வந்து நின்று பல்லைத் தேடிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்.

அப்புறம் ஒன்று. அந்த இரண்டு வார்த்தை ஜனங்களுக்குப் பழகிப்போய்விட்டது. தியேட்டரில் அந்த இடம் வரும்போது எல்லோரும் சேர்ந்து சொல்லுவார்கள். அங்கே வேறு வசனம் வந்தால் நம்மைத் தூக்கிப் போட்டு மிதிப்பார்கள். இந்த வயதில் உங்களால் ஓட முடியாது, என்னால் நடக்கவே முடியாது.

விட்டுவிடுங்கள் மச்சான். இருந்தது இருந்தபடியே இருக்கட்டும். அந்த ஃபாரத்தில் 'வசனம்' என்ற இடத்தில் முழுக்க உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள். நான் என்றைக்காவது அது என் வரி என்று சொல்லியிருக்கிறேனா?

ஓய்வு பெற்ற எமன்


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் தாராள மனதுக்கு நன்றி. நான் எழுதாத வரிக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறீர்கள். ஐம்பது வருடமாக ஊரே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது, உங்களுக்கு எதற்குச் சிரமம்.

கொஞ்சம் என் நிலைமையைக் கேளுங்கள். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ஆள் ஒருவர் இருக்கிறார். யார் வந்தாலும் கதவைத் திறந்து "வாம்மா, போலாம்" என்பார். என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். மருந்துக்கடையில் பில் போடுகிறவர், நான் படத்துக்கு வசனம் எழுதினவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, எழுந்து நின்று, "சார், அந்தக் கடைசி வரிக்காகவே உங்க கையைப் புடிச்சிக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன இடத்தில் இது. அது நான் எழுதியது இல்லை என்று சொன்னேன். "என்னா அடக்கம் சார் உங்களுக்கு" என்கிறார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்.

நூறாவது நாள் விழாவில் கேடயத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மைக்கில் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்றது. நீங்கள் என் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குத்தான் உங்களோடு பேசுவதை நிறுத்தினேன்.

நான் இருபத்தெட்டுப் படம் எழுதியிருக்கிறேன். அதில் இருபத்தேழு எனக்கே நினைவில்லை. நான் எழுதியதிலேயே நல்லது அந்த ஒன்றரைப் பக்கம்தான். அது எனக்குத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம் எழுதினேன். டைரக்டர் என்னை ஓட்டல் அறையில் அடைத்துவைத்து இந்திர சபைக் காட்சியைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்றால், "நாளைக்குப் போங்க, இன்னைக்கு இதை முடிச்சுடலாம்" என்பார். மூன்று நாள் அப்படியே போயிற்று. அந்த மூன்று நாளில் முதல் விடியற்காலை, அவளிடம் நேரில் சொல்ல முடியாததை எல்லாம் எமன் வாயில் வைத்து எழுதினேன். பிறகு அம்மா போய்விட்டாள். பக்கம் அதற்கு முன்பே உங்களிடம் போயிருந்தது. நீங்கள் அதைக் குப்பையில் போட்டீர்கள்.

அது நன்றாக இருந்ததா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லை. ஏனென்றால் ஒருவரும் அதைக் கேட்டதே இல்லை. எனக்கு எண்பத்து மூன்று. ஒரே ஒரு தடவை அது தியேட்டரில் ஒலிக்க வேண்டும். ஜனங்கள் மிதித்தால் மிதிக்கட்டும், நான் முன் வரிசையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

பல் செட்டுக்குப் பசை விற்கிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

வசனகர்த்தா


மார்ச் 27

மச்சானுக்கு,

பசை வாங்கினேன். இப்போது செட்டு கழலவே மாட்டேன் என்கிறது. ராத்திரி அதோடு படுத்துக் காலையில் உங்கள் தங்கை வெந்நீர் வைத்து எடுத்தாள். உங்கள் யோசனை எல்லாமே இப்படித்தான் இருக்கும்.

நான் அதைக் குப்பையில் போடவில்லை. இதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் பேச மாட்டேன். காரணம் கேட்காதீர்கள். எமன் அந்த இடத்தில் அவ்வளவு பேச மாட்டான், அவ்வளவுதான். அவன் அந்த அம்மா வீட்டில் ஒரு மாதம் தண்ணீர் சேந்தியிருக்கிறான். அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான். வீட்டு மனிதனாக ஆகிவிட்டவன் வாசலில் நின்று மேடைப் பேச்சா பேசுவான்? நடிகனுக்கு அது தெரியும். எழுதுகிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்குப் பேனா ஓடினால் போதும்.

கோபப்படாதீர்கள். கோபப்படுவீர்கள், தெரியும். உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டு, "ஏங்க, அண்ணன் பாவம், ஒரு தடவை பேசிட்டுப் போங்களேன், உங்க நாக்கு என்ன தேஞ்சா போயிடும்" என்கிறாள். அவளுக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. ஐம்பது வருடமாக அவளிடம்கூடச் சொல்லவில்லை. விடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்லி, கம்ப்யூட்டரில் என் குரல் மாதிரி வைத்து உங்கள் வசனத்தைப் பேச வைத்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் இப்போது முடியுமாம். என்னைக் கூப்பிடாதீர்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 4

மாப்பிள்ளைக்கு,

'தெரியாத விஷயம்' என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று அந்தப் பெண் என்னை அவள் வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். குளிர் அறை. சட்டைக்கு மேல் ஒரு சால்வையைக் கொடுத்து உட்கார வைத்தாள். பெட்டிகளின் அடியில் கடைசிக் காட்சியின் வெட்டாத நெகட்டிவ் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. படத்தில் வந்தது பத்து விநாடி. எமனின் முதுகு, கிரீடம், அதற்கு அப்பால் வாசலில் அந்தத் தாய். வெட்டாமல் பார்த்தால் அதே முதுகு இரண்டு நிமிடம் பதினெட்டு விநாடி ஓடுகிறது. என் வசனத்தை நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடம் பத்து விநாடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஆகவே அந்தக் காட்சியை என் வசனத்துக்காகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆக, அதை இப்போது அப்படியே பொருத்திவிடலாம், வாயசைவுத் தொல்லையும் இல்லை.

சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதாவது விநாடியில் அந்தப் பெண் நிறுத்தி, "சார், எமன் தோள் ஏன் இப்படி ஆடுது?" என்று கேட்டாள்.

திரும்பப் போட்டாள். பார்த்தேன். உங்கள் தோள் குலுங்குகிறது. கிரீடத்தின் கொம்பு இரண்டும் ஆடுகிறது. இரண்டு நிமிடமும் குலுங்கிக்கொண்டே இருக்கிறீர்கள்.

சிரித்திருக்கிறீர்கள்.

அம்மா போய் ஐந்தாவது நாள் அது. நான் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். செட்டைப் பிரிக்கப் போகிறார்கள், மறுநாள் வேறு கம்பெனிக்குத் தளம் என்று சொல்லி உங்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது, "நான் பாத்துக்கறேன் மச்சான், நீங்க கவலப்படாதீங்க" என்று என் தோளில் கை வைத்துச் சொன்னீர்கள். அங்கே போய், என் அம்மாவை நினைத்து நான் எழுதியதைப் பேசும்போது, தளத்தில் எல்லோரும் பார்க்கச் சிரித்திருக்கிறீர்கள். அது உபயோகப்படாமல் போனதால் டப்பிங்கில் இரண்டு வார்த்தை போட்டு ஒப்பேற்றியிருக்கிறீர்கள். அது ஓடியும்விட்டது.

ஐம்பது வருடமாக நீங்கள் தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கனம் பரவாயில்லை, நடிகர்களுக்கு அது இருக்கும். இது வேறு.

தங்கச்சியிடம் இதைச் சொல்லப் போவதில்லை. நீங்களும் எனக்கு எழுத வேண்டாம். ஃபாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். கடைசி ரீல் ஊமையாகவே ஓடட்டும்.


ஏப்ரல் 9

மச்சான்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எப்படிப் பாடம் பண்ணுவேன் என்று உங்களுக்குத் தெரியும். நானாகப் படித்தால் எனக்கு மனதில் நிற்காது. எதிரில் ஒருவர் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் பார்த்துத் திருத்த வேண்டும். எப்போதும் உங்கள் தங்கைதான் தாள் பிடிப்பாள். அந்த வாரம் அவள் பெரியவனைப் பெற்றுப் பத்து நாள், வீட்டை விட்டு நகர முடியாது. அத்தைக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நான்தான் இருந்தேன், ஷூட்டிங் அரை நாள், ஆஸ்பத்திரி அரை நாள் என்று. உங்கள் ஒன்றரைப் பக்கத்தை உதவி டைரக்டர் என்னிடம் கொடுத்தபோது நேராக அங்கேதான் எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு வேனுக்கு நேரமாகிவிட்டது என்று மேக்கப்பைச் சரியாகக் கலைக்காமல் போயிருந்தேன். இந்தப் பக்கம் மீசை, நெற்றியில் கறுப்பு, கண்ணில் மை. வார்டில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கொண்டார்கள். நர்ஸ் என்னை வெளியே தள்ளப் பார்த்தாள். அத்தை மட்டும்தான் சிரித்தார்கள். "விடும்மா, அது எங்க மாப்பிள்ளைதான். முன்கூட்டியே வந்து பாத்துட்டுப் போறாரு" என்றார்கள். அந்த நேரத்திலும் அந்தப் பேச்சு.

தாளை நான் சட்டைப் பையில் மறைக்கத்தான் பார்த்தேன். அத்தை பார்த்துவிட்டார்கள். "அது அவன் எழுத்துல்ல? குடுங்க, நான் புடிக்கிறேன். அவதான் புடிக்கணுமா?" என்றார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அத்தை கேட்டால்தானே. சாய்ந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, தாளை மார்பு மேல் வைத்துக்கொண்டார்கள். சாகக் கிடக்கிறவர்கள் முன்னால் நின்று எமன் வசனம் சொன்ன ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

ஒரு முறை முழுக்கச் சொல்லி முடித்தேன். அத்தை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்கள். அப்படியே எழுதுகிறேன். "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா ரொம்ப நீளம் மாப்ள. வர்றவன் இவ்வளவு பேசினா எனக்குப் பயமா இருக்கும். எதையோ மறைக்கிறான்னு தோணும். வாம்மா, போலாம்னு கூப்பிட்டா வந்துட்டுப் போறேன்."

அது அத்தை வார்த்தை. என்னுடையது இல்லை. நூறாவது நாள் விழாவில் அதைக் கூட்டம் கத்தியபோது நான் ஏன் தரையைப் பார்த்தேன் என்று இப்போது தெரிகிறதா?

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க, மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்" என்று அத்தையே சொன்னார்கள். நானும் சொல்லவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் தவித்த மனிதர். அம்மாவுக்காக எழுதியதை அம்மாவே நீளம் என்று சொன்னார்கள் என்று எந்த முகத்தோடு உங்களிடம் சொல்வேன். அதற்கு நான் தலைக்கனம் பிடித்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

தோள் ஆடியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முதலில் முகத்தை வைத்துத்தான் எடுத்தார்கள். மூன்று டேக். ஒவ்வொன்றிலும் கன்னம் நனைந்து பசை விட்டு மீசை தொங்கியது. எமனுக்கு அழுகை வரக்கூடாது என்று டைரக்டர் திட்டிவிட்டு என்னைத் திருப்பி நிற்க வைத்தார். முதுகு அழுதால் தெரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

நான் சிரிக்கவில்லை மச்சான்.


ஏப்ரல் 17

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை வந்த நாளிலிருந்து எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். ஐம்பது வருடம். உங்கள் வீட்டுக் கல்யாணம் மூன்றுக்கு நான் பின் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினேன். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நீங்கள் வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டுப் போடாத கண்ணால். கூப்பிடவில்லை. இவ்வளவும் எதற்கு? என் மனது நோகக்கூடாது என்று. உங்கள் நல்ல எண்ணத்தைத் தூக்கி உடைப்பில் போடுங்கள். எழுதுகிறவனுக்கு நீளம் என்று சொன்னால் வெட்டத் தெரியாதா? என் தொழிலே அதுதானே. அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், மூன்றாம் நாள் உங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருப்பேன்.

உங்கள் மேல் சொல்லக்கூடாத பழியைச் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். திட்டியதற்குக் கேட்கவில்லை.

நேற்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒன்றரைப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. முதல் பத்தியில் 'அ' வரிசையில் பதினாறு வார்த்தை இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட வந்தவனுக்கு எதற்கு அவ்வளவு அகராதி. எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் இரண்டாவது பத்தி அப்படி இல்லை. "நீ ஊற்றிய தண்ணீர் எல்லாம் உனக்கு முன்னால் போய் அங்கே காத்திருக்கிறது" என்று வருகிற இடம். அது இன்றைக்கும் நிற்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மழுப்பாமல் பதில் எழுத வேண்டும். அம்மா நீளம் என்று சொன்னது முழுக்கக் கேட்டுவிட்டா, இல்லை பாதியில் போதும் என்று நிறுத்திவிட்டாளா? முதல் பத்தியோடு நிறுத்தியிருந்தால் எனக்கு அது தெரிய வேண்டும். இரண்டாம் பத்தியை அவள் கேட்டாளா?

வசனகர்த்தா என்று போட்டுக்கொள்ள இன்று மனது வரவில்லை.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 23

மச்சான்,

முழுக்கக் கேட்டார்கள். ஒரு தடவை இல்லை.

நீளம் என்று சொன்னார்களே தவிர, மறுநாள் நான் போனதும் முதல் வேலையாகக் கையை நீட்டி, "தாளைக் குடுங்க" என்றார்கள். "நீளம்னு சொன்னீங்களே அத்தை" என்றேன். "நீளம்தான். நீங்க பாடம் பண்ண வேணாமா? அவன் பேரைக் கெடுத்துடாதீங்க" என்றார்கள். எனக்கு அதற்குள் பாடமாகிவிட்டது. ஆனாலும் சொன்னேன். அன்றைக்கு இரண்டு தடவை. 'அண்டமும் அடங்கும்' என்பதை 'அடங்கிய' என்று சொல்லிவிட்டேன், நிறுத்தித் திருத்தினார்கள். ஒரு எழுத்து விட்டாலும் விட மாட்டார்கள். தாளைப் பார்க்காமலே திருத்தினார்கள். எனக்கு முன்னால் அவர்களுக்குப் பாடமாகிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் மூச்சு கொஞ்சம் கஷ்டப்பட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வரவேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். உங்களுக்கு ஆள் அனுப்பினேன். உங்கள் டைரக்டர் அந்த ஆளை ஓட்டல் வாசலிலேயே உட்கார வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. "மச்சான் வர்றாரு அத்தை, வந்துக்கிட்டே இருக்காரு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "வர்றவரைக்கும் அதைச் சொல்லுங்க" என்றார்கள். தாள் அவர்கள் கையில்தான் இருந்தது.

சொன்னேன். நீங்கள் எழுதியிருக்கிற தண்ணீர் வரி வந்தபோது தலையை ஆட்டினார்கள். கண் திறக்கவில்லை, ஆனால் ஆட்டினார்கள். அதை நான் பார்த்தேன். உங்களுக்கு எந்தப் பத்தி வேண்டுமோ அதை அவர்கள் கேட்டார்கள்.

அதற்கு அடுத்த வரியில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். திருத்தவில்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் திருத்தாமல் விடுகிற ஆள் இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை, நான் பாட்டுக்குக் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தேன். முடித்துவிட்டு, "இன்னைக்குச் சரியா அத்தை?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அதை என்னால் ஒரு தடவைகூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. டப்பிங் தியேட்டரில் பதினோரு டேக் போனேன். எந்த வார்த்தையை விட்டேனோ அந்த இடம் வந்ததும் அங்கேயே நின்றுவிடுவேன். கடைசியில் வெளியே வந்தது அத்தை சொல்லிக் கொடுத்த இரண்டு வார்த்தைதான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மே ஐந்தாம் தேதி நான் எதைப் பேசட்டும்? ஒன்றரைப் பக்கமும் பேச வேண்டும் என்றாலும் பேசுகிறேன். எத்தனை டேக் ஆனாலும் ஆகட்டும். இன்னும் பாடம் மறக்கவில்லை.

உங்கள் தங்கைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சர்க்கரை போட்டே காபி தருகிறாள். டாக்டரிடம் சொல்லாதீர்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 29

மாப்பிள்ளைக்கு,

ஃபாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

படத்தில் அம்மா சொன்னதே இருக்கட்டும். அதைத் திருத்த எனக்கு யோக்கியதை இல்லை. என் பக்கத்தைத் தியேட்டரில் கேட்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிட்டேன். அதைக் கேட்க வேண்டியவள் நாலைந்து தடவை கேட்டு, திருத்தமும் சொல்லியிருக்கிறாள். என் தொழிலில் இதற்கு மேல் யாருக்குக் கிடைத்திருக்கிறது.

உங்களுக்கு எத்தனையோ வருடமாக நான் செய்த வீம்புக்கு எப்படி ஈடு செய்வது என்று தெரியவில்லை. ஐந்தாம் தேதி தியேட்டருக்கு நானும் வருகிறேன். பல் செட்டை மறந்துவிடாதீர்கள். அங்கேயும் என்னை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்காதீர்கள், அந்தப் பெண் வேலை செய்ய வேண்டும்.

'வசனம்' என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே 'கடைசி வரி' என்று போட்டுக் கோடு மட்டும் இழுத்திருக்கிறேன். அதில் அம்மா பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள். எனக்குப் பதிலாக அங்கே நின்றவர் நீங்கள்தான்.

உங்கள் மச்சான்